நாற்பத்தொன்பது சொட்டு

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது. அப்பா சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் அண்ணனின் எஞ்சினை எடுத்து வைத்தார்.

ஒரு சாண் நீளம். சிவப்பு உடல், கறுப்பு அடிப்பாகம். அண்ணன் வேலை விஷயமாக ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் வாங்கியது. அப்போதே பழசு. 2021 பொங்கலுக்கு வந்தவன் கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி ஓட்டிக் காட்டினான். திரும்பிப் போகும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அந்த மே மாதம் சென்னையில் கொரோனாவில் இறந்தான்.

அப்பா கம்பியை மாட்டி விசையைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. நகரவில்லை. இன்னும் திருப்பினார். சூடான வாசனை வந்தது.

"நிறுத்துங்கப்பா, மோட்டார் எரிஞ்சிரும்."

"ஜாம்" என்றார். முப்பத்தெட்டு வருடம் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். யானை மாதிரி எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர். இந்த ஒரு சாண் எஞ்சினின் திருகாணியைப் பிடிக்க அவர் விரல் இப்போது நிற்பதில்லை. நடுங்குகிறது. அதை அவர் சொல்லவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல, நீ பாரு" என்றார்.

இருபத்தைந்தாம் தேதி நினைவுநாள். நான்காம் ஆண்டு. எங்கள் வீட்டில் திதி கிடையாது, விளக்கு கிடையாது, சாமி படம் கிடையாது. அப்பா கறுப்புச்சட்டைக்காரர். தோழர்கள் வருவார்கள், பேசுவார்கள், டீ குடிப்பார்கள். இந்த வருடம் அவர்கள் முன்னால் எஞ்சின் ஓட வேண்டும்.

"நீயும் பேசணும்" என்றார். "கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தவன் நீதான்."

பக்கத்தில் என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு கிலோமீட்டர். திருவல்லிக்கேணி மேன்ஷன், மூன்றாம் மாடி. எம்.ஏ. இரண்டாம் ஆண்டு.

அந்த மே மாதத்தில் நடந்த ஒன்றைப் பற்றி அப்பா, அம்மா இருவரிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். நாலு வருடம். இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இன்றும் எழுதப்போவதில்லை.


மே 5

கடிகாரக் கடையில் சிறிய திருப்புளி கேட்டேன். "எந்தக் கடிகாரத்துக்கு?" என்றார் கடைக்காரர். ரயிலுக்கு என்றேன். சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்.


மே 6

பிரித்தேன்.

மேல்கூட்டின் இரண்டு பக்கமும் நகத்தைக் கொடுத்து நெம்பினால் கழன்று வருகிறது. நடுவில் மோட்டார். அதன் இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு தண்டு. ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு திருகுச் சக்கரம். அதன் கீழே, சக்கரங்களுக்கு மேலே, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கியர்பாக்ஸ். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

தண்டுகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினேன். சுகமாகச் சுற்றியது. ஆக, குற்றம் மோட்டாரில் இல்லை. சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தேன். கல்.

"பலவந்தம் பண்ணாத. பல்லு போயிரும்" என்றார் அப்பா, பின்னாலிருந்து. "மண்ணெண்ணெயில ஊறப் போடு. ஒரு ராத்திரி கெடந்தா எல்லாம் விட்டுரும்."

"இது பிளாஸ்டிக் கியர்ப்பா. மண்ணெண்ணெய் ஆகாது. உப்பிக்கும்."

"யாரு சொன்னா?"

"படிச்சேன்."

"படிச்சியா." அம்மாவைப் பார்த்தார். "சௌந்தரம், உன் புள்ள கியர்பாக்ஸையும் படிச்சுட்டான். அந்தப் பி.எச்டி.யை மட்டும்தான் இன்னும் படிச்சு முடிக்கல."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மேசையில் பிரிந்து கிடந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதைப் பிரிக்கணுமாடா?" என்றாள்.

"பிரிக்காம எப்படிம்மா?"

"சும்மா கேட்டேன்."


மே 8, வியாழன்

பின்பக்கக் கியர்பாக்ஸ் திறந்தது. அடித்தகடு நான்கு கொக்கிகளில் நிற்கிறது. ஒன்றை ஒடித்துவிட்டேன். மூன்று போதும் என்று நினைக்கிறேன்.

உள்ளே பல்சக்கரங்கள் தெரியவில்லை. பழுப்பாக ஒரே பிசின். முற்றிய வெல்லப்பாகு ஆறிப்போனதுபோல. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில், அச்சைச் சுற்றி, மூலைகளில். இவ்வளவு மசகை எந்தத் தொழிற்சாலையும் உள்ளே வைக்காது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஜெர்மன் சந்தைக்காரனைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன்.

முறை: மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து வைக்க வேண்டும். கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பல் இடுக்காக நெம்ப வேண்டும். மறுபடி பஞ்சு. அவசரம் கூடாது. இரும்பு ஊசி கூடாது, பல்லைக் கீறிவிடும்.

நாலு மணி நேரம். எட்டுப் பஞ்சு உருண்டை. கடைசியில் மஞ்சள்நிறச் சக்கரம் ஒன்று வெளியே வந்தது. புதுசுபோல. விரலால் உருட்டினேன். சுற்றியது.

பல நாட்களுக்குப் பிறகு ஒரு வேலையை முடித்திருக்கிறேன். பசித்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.


மே 9

காலையில் அம்மா கேட்டாள்: "நேத்துச் சொரண்டினியே, அந்த அழுக்கையெல்லாம் எங்கடா போட்ட?"

"பஞ்சோட சுருட்டிக் குப்பையில போட்டேன். ஏன்?"

"வண்டி வந்துட்டுப் போயிருச்சே."

"ஆமா. நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்."

"சரி" என்றாள்.

வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வண்டி போய் அரைமணி ஆகியிருந்தது.


மே 11, ஞாயிறு

முன்பக்கக் கியர்பாக்ஸைத் திறந்தேன். அதே பிசின். இதில் இன்னும் அதிகம்.

மேலே இருந்தது இளகலாக இருக்கிறது. போன மாதம் போட்டது போல. கீழே போகப்போகக் கறுத்து இறுகுகிறது. நாலு வருடமாக யாரும் தொடாத எஞ்சினில் மேல் படலம் எப்படி இளகலாக இருக்கும்?

மூக்கருகே கொண்டுபோனேன். மசகு வாசனை இல்லை. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் வேறொன்று. தெரிந்த வாசனை. இட்லிப்பொடி.

நல்லெண்ணெய்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து, "என்னாச்சு?" என்றார். இது கடினமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். மூடிவைத்தேன்.


மே 12

நல்லெண்ணெய் எந்திரத்துக்கு ஆகாது. காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல இறுகி அரக்காகிவிடும். இதை எந்த ஃபிட்டரும் சொல்வார். அப்பாவாக இருக்க முடியாது.

வீட்டில் மூன்றே பேர்.


மே 13, செவ்வாய்

அப்பா ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்தார். அம்மா மாவரைக்க அரிசி களைந்துகொண்டிருந்தாள். நேராகக் கேட்டேன்.

"ம்மா, எஞ்சினுக்கு எண்ணெய் போட்டியா?"

களைவதை நிறுத்தவில்லை. "அவன்தானே போடச் சொன்னான்."

"யாரு?"

"செங்குட்டு. பொங்கலுக்கு வந்தப்ப. 'எண்ணெய் போடாம வச்சா இறுகிப்போயிடும்மா, ஆறு மாசத்துக்கு ஒரு சொட்டு போடு'ன்னான். மேல்மூடிய எப்படித் தொறக்கறதுன்னு காட்டினான். எந்த எடத்துலன்னும் காட்டினான். சின்னதா ஒரு பாட்டில் குடுத்தான். அது காஞ்சுபோச்சு."

"அதனால நல்லெண்ணெயா?"

"வீட்டுல அதுதானே இருந்துச்சு."

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவையா போட்ட?"

அம்மா கழுநீரை வடித்தாள். அரிசியை இன்னொரு முறை களைந்தாள். மூன்று முறை களைந்தாயிற்று, நான்காவதாகவும் களைந்தாள்.

"மாசா மாசம்" என்றாள். "அமாவாசைக்கு."

களைந்த அரிசியை ஊறப் போட்டாள்.

"உங்கப்பா ஒண்ணும் செய்யக்கூடாதுன்னுட்டாரு. அவருகிட்ட நான் சண்டை போட்டதில்ல. கல்யாணம் ஆன அன்னிக்கே சொல்லித்தான் கூட்டியாந்தாரு, இந்த வீட்டுல இதெல்லாம் கிடையாதுன்னு. நானும் சரின்னுதான் வந்தேன். எங்கம்மா செத்தப்பகூட ஒண்ணும் கேட்கல. ஆனா இவனுக்கு..." கையை முந்தானையில் துடைத்தாள். "விளக்கு ஏத்தினா ஏன்னு கேப்பாரு. காக்காய்க்குச் சோறு வச்சா ஏன்னு கேப்பாரு. ஃபிட்டர் வீட்டுல எஞ்சினுக்கு எண்ணெய் போட்டா யாரு கேப்பா?"

எள்ளில் ஆட்டிய எண்ணெய். அதையும் அவள் யோசித்திருப்பாள். நான் கேட்கவில்லை.

"நான் போட்டதுனாலதான் ஓடலையாடா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பழைய மசகும் இருந்துச்சும்மா" என்றேன். அது பாதி உண்மை. பாதி உண்மைகள் எனக்கு நன்றாக வரும்.


அதே நாள், மாலை

கைப்பேசியில் நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். 2021 ஜூன் முதல் போன ஏப்ரல் வரை. நாற்பத்தொன்பது அமாவாசை.

இரண்டு கியர்பாக்ஸுக்கும் சொட்டுப் போட்டிருக்கிறாள். பின்பக்கத்து நாற்பத்தொன்பதையும் எட்டுப் பஞ்சில் துடைத்து, குப்பை வண்டியில் கொட்டிவிட்டு, இரண்டு தட்டுச் சோறு தின்றிருக்கிறேன்.


மே 15

வேலை செய்யவில்லை. அப்பாவிடம் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் முழுப் பாட்டில் இருக்கிறது.


மே 16

அப்பா: "பத்து நாளுதான் இருக்கு. உன்னால முடியலன்னா சொல்லு. இருதயராஜ்கிட்டக் குடுக்கிறேன்."

இருதயராஜ் மாமா அப்பாவோடு அதே பட்டறையில் இருந்தவர். மூடியைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். எந்த எண்ணெய் என்று அடுத்த நொடி சொல்லிவிடுவார். அதுவும் உரக்க.

நானே செய்கிறேன் என்றேன்.


மே 17, சனி

அப்பா சந்தைக்குப் போன நேரத்தில் அம்மாவிடம் சொன்னேன். "முன்பக்கத்தை அப்படியே விட்டுரவா? ரிப்பேர் ஆகாதுன்னு அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

"ஏன்?"

"நீ போட்டது அதுல இருக்கே."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலா என்று பார்க்கிற பார்வை. "அவரு ஓட்டிப் பாக்கணும்னு ஆசைப்படறாருடா. அவருக்கும் வேற என்ன இருக்கு?"

"அப்ப, சுரண்டி ஒரு டப்பாவுல எடுத்து வைக்கட்டா?"

"அழுக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பூஜையா பண்ணப்போறேன்?"

கோபமில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பவே தொட. நான் பாக்குறேன்."

துடைத்தேன். அவள் பார்த்தாள். பஞ்சை நனைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் கால்மணி நேரங்களிலும் அவள் எழுந்து போகவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது. நானே போய் அணைத்துவிட்டு வந்தேன். மின்விசிறி நின்றது. மின்சாரம் போனது. ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். வெயில் மேசைமேல் விழுந்து, பிசின் கண்ணாடிபோல் மின்னியது.

இளகல் முதலில் போயிற்று. அப்புறம் பழுப்பு. அப்புறம் கறுப்பு. அடியில் மெல்லிய வெள்ளைப் படலம். அதுதான் ஜெர்மன் மசகு.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

பஞ்சு உருண்டைகளை என் கையிலிருந்து வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் அவளே போட்டாள். கை கழுவிவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

பார்க்க வேண்டிய ஒன்றை எப்போதோ பார்க்க முடியாமல் போனவர்கள் இப்படித்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.


மே 19

பல்சக்கரங்களுக்குப் புது மசகு. ஊசிமுனை அளவு. பிளாஸ்டிக்குக்கு ஆகிற வெள்ளை வகை, தபாலில் வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "இது எறும்புக்குக் கூடப் பத்தாதே" என்றார். "இவ்வளவுதான்ப்பா. அதிகமானா அதுவே பிடிச்சுக்கும்."

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.


மே 20, செவ்வாய்

பூட்டினேன். தண்டவாளத்தில் வைத்தேன். விசையைத் திருப்பியதும் மின்சாரப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் உறுமக்கூட இல்லை. மூன்று முறை பிரித்து மூன்று முறை பூட்டினேன். அதே விளக்கு.

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். எஞ்சினை மல்லாக்கப் போட்டு வெகுநேரம் பார்த்தார். முகம் மேசையைத் தொட்டது.

"டேய். இந்த மூணு ஜோடிச் சக்கரத்துலயும் உள்ளே கறுப்பு வளையம் எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது."

"இதுல?"

இடது. ஒரு ஜோடியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அந்த வளையம்தான் மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது.

அப்பா சிரிக்கத் தொடங்கினார். "எம்.ஏ. தத்துவம். நாலு ஜோடியில ஒண்ணு எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியல. இவனை நம்பி நாட்டை ஒப்படைச்சா என்ன ஆகும்? சௌந்தரம், இங்க வந்து பாரேன்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நாலு வருடம் ஆகியிருக்கும். நானும் சிரித்தேன். அம்மா வந்து, ஒன்றும் புரியாமலேயே சிரித்தாள். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்த அந்த நிமிடத்தில் எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. உரிமை இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.


மே 21

ஓடியது.

முதல் சுற்று தயங்கித் தயங்கி. இரண்டாவதில் சத்தம் சீரானது. தையல் எந்திரத்தைத் தூரத்து அறையில் யாரோ மிதிப்பதுபோல. அப்பா குனிந்து காதை வைத்துக் கேட்டார். "ஃப்ரீ" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் பட்டறையில் ஆட்கள் அவரைச் சுற்றி நிற்பார்களாம்.

பிறகு நான் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். "இனிமே அதுல எண்ணெய் போடக்கூடாதும்மா."

"தெரியும்" என்றாள்.

அடுத்த அமாவாசை திங்கட்கிழமை. நினைவுநாளுக்கு மறுநாள்.


மே 24

நாளைக்கு என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். "என் அண்ணன்" என்று தொடங்கி நான்கு தாள் கிழித்தேன்.


மே 25, ஞாயிறு

பதினான்கு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு. கேசரி, மிக்சர், டீ. அப்பா மேசை நடுவில் அண்ணன் படத்தை வைத்து அதைச் சுற்றித் தண்டவாளம் பூட்டியிருந்தார்.

எஞ்சினை விட்டதும் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டு சுற்று போனது. இருதயராஜ் மாமா அப்பாவின் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னய்யா வேந்தா, உன் எஞ்சின் படத்தைச் சுத்திப் பிரதட்சணம் வருது?"

அப்பாவின் முகம் சுருங்கியது. எஞ்சினை நிறுத்தினார். படத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தார். மறுபடி ஓட்டினார். நடுவில் இப்போது ஒன்றுமில்லை. எஞ்சின் அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றி வந்தது. அம்மா உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அப்பா பேசினார். சடங்குகள் இல்லாமல் ஒரு மனிதனை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றி. நன்றாகப் பேசினார். ஒரே இடத்தில்தான் குரல் இடறியது. "அவன் மொகத்தைக்கூடப் பாக்க முடியாத காலம் அது" என்கிற இடத்தில்.

பிறகு என்னை அழைத்தார்கள். எழுந்து நின்றேன். அண்ணன் எனக்கு மிதிவண்டி கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. கைதட்டினார்கள்.

நாற்காலிகளை அடுக்கும்போது இருதயராஜ் மாமா அப்பாவிடம் கேட்டார். "சாம்பலாவது குடுத்தாங்களாய்யா அப்ப? நான் கேக்கவே இல்ல."

"இல்ல. யாருக்கும் குடுக்கலையாம். இவன்தான் விசாரிச்சான்."

மாமா என்னைப் பார்த்தார். அம்மா டம்ளர்களை எடுக்கக் கூடத்துக்கு வந்தவள் நின்றாள்.

நான் தலையசைத்தேன்.


மே 26, திங்கள். அமாவாசை

இதை இன்று எழுத வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

மதியம் பன்னிரண்டரை. அப்பா நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை. கையில் ஒரு சின்னக் கரண்டி. கரண்டி முனையில் எண்ணெய், ஒரு சொட்டு. விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும், திருடும்போது அகப்பட்டவள்போல் சிரித்தாள். "பழக்கதோஷம். பாட்டிலைத் தொறந்துட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." கரண்டியைப் பார்த்தாள். "இனிமே இதை நான் எதுல போடறது, வளவா?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. நாலு வருடமாக இருந்தது.

"ம்மா, குடுத்தாங்க."

"எதை?"

"அண்ணனோட சாம்பலை. குடுக்கறோம்னுதான் சொன்னாங்க. எனக்குப் போன் வந்துச்சு. நான்தான் போகலை."

அம்மா கரண்டியைக் கல்மேடையில் வைத்தாள். சொட்டு கல்லில் இறங்கிப் பரவியது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட. அவள் கேட்டாள்: "யாரு பேசினது?"

"மயானத்துலேர்ந்து ஒருத்தர்."

"வயசானவரா?"

"குரல் அப்படித்தான் இருந்துச்சு."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. "'தம்பி, செங்குட்டுவன் உங்க ஆளா? எழுபத்திநாலாம் நம்பர். ரெண்டு நாளுக்குள்ள வந்து வாங்கிக்கங்க. வராட்டி எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துட்டுப்போய்க் கடல்ல கரைச்சிருவோம், அப்புறம் கேக்கக்கூடாது.'"

"பேரைச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரிங்கன்னேன்."

"சரின்னியா."

"ஆமா."

"பானையில வச்சிருந்தாங்களா, துணியில கட்டியா?"

"தெரியாதும்மா."

"போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள். அதன்பின் நான் அங்கே நிற்கவில்லை.

ஏன் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். பயம் என்று எழுதினால் எளிதாக முடிந்துவிடும். பயம் இருந்தது. ஆனால் சட்டைப்பையில் ஊரடங்கு அனுமதிச்சீட்டு இருந்தது. முகக்கவசம் இரண்டு போட்டிருந்தேன். மயானத்துக்குப் போகிற வழியில் பாலம் வரை நடந்தேன். போலீஸ்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு "போப்பா" என்றார். பாலத்தின் நடுவில் நின்றேன். அப்பா அடிக்கடி சொல்கிற வாக்கியம் ஞாபகம் வந்தது: சாம்பல்ல என்னடா இருக்கு? அதைப் பிடித்துக்கொண்டேன். அது எவ்வளவு சரியான வாக்கியம் என்று எனக்கு நானே வாதம் செய்தேன். எனக்குத் தத்துவம் தெரியும். அரைமணி நேரத்தில் என்னை நானே ஜெயித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். மறுநாளும் நேரம் இருந்தது. மறுநாள் முழுக்கத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் போனில் சொன்னேன்: குடுக்க மாட்டாங்களாம்மா.


மே 27

அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் தட்டு வைத்தாள். தோசை வைத்தாள். இரண்டாவது தோசையும் வைத்தாள்.

நாள்காட்டியில் நேற்றைய தாளில், அமாவாசைக் கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறாள். 74. அவளுடைய ஏழு எப்போதும் சாய்ந்திருக்கும்.

அப்பா தாளைக் கிழிக்கப் போனவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இது என்ன நம்பர்?"

"செங்குட்டு" என்றாள் அம்மா, உள்ளிருந்து.

அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். சொன்னேன். போன், இரண்டு நாள், பாலம், எல்லாம். இந்த முறை பாதி சொல்லவில்லை. அந்த வாக்கியத்தையும் சொன்னேன். நீங்க சொல்வீங்களேப்பா, சாம்பல்ல என்ன இருக்குன்னு. அதை நினைச்சுக்கிட்டுத்தான் திரும்பினேன் என்றேன்.

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கைகள் இரண்டும் நடுங்கின. நடுக்கத்தை நிறுத்த ஒன்றால் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டார். நிற்கவில்லை.

"டேய்" என்றார். நாள்காட்டியிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தார்.

"அது என்னோட சாம்பலுக்குச் சொன்னதுடா" என்றார். "அவனோடதுக்கு இல்ல."